மகளுக்கு வாங்கிய 70/700 டெலஸ்கோப்: செவ்வாய்ப்பேட்டை மொட்டை மாடியிலும் ஏற்காட்டிலும் பார்த்த பிறகு

பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பற்று (சூடாக்கி ஒட்டிய இணைப்பு) ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, கொக்கி தாங்குமா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது தினசரி வேலை. ஆகவே கண்ணாடி, திருகு, உலோகம் பற்றி இங்கே எழுதுவது என் சொந்தக் கணிப்பு. வானத்தைப் பற்றி எழுதுவதில் பெரும்பகுதி பிளஸ் ஒன் படிக்கும் என் மகளிடமிருந்து தெரிந்துகொண்டது.

வாங்கியது 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் உள்ள லென்ஸ் வகை டெலஸ்கோப். கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ்), மடங்கை இரட்டிப்பாக்குகிற ஒரு 2எக்ஸ் பார்லோ லென்ஸ், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி ஃபைண்டர், அலுமினிய முக்காலி. விலை பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. இதே அளவில், இதே அமைப்பில் பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, அளவைப் பார்த்து வாங்குங்கள். 700ஐ ஐபீஸ் அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்று வந்துவிடும். 25க்கு 28 மடங்கு, 10க்கு 70 மடங்கு. பெட்டி மேலே நானூறு, ஐந்நூறு மடங்கு என்று அச்சடித்திருந்தால் அதை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். 70 மி.மீ. கண்ணாடி தாங்குவது சுமார் 140 மடங்குதான். அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், மங்கும், புதிதாக ஒன்றும் தெரியாது.

இதை ஏன் வாங்கினோம் என்று சொன்னால்தான் நான் சொல்லும் நிறைகுறைகள் புரியும்.

எங்களுடையது சாமி கும்பிடுகிற வீடு. ஆடி வந்தால் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். சனிக்கிழமை சுகவனேசுவரர் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி எள் தீபம் போடுவேன். மகள் பத்தாவது முடித்த கையோடு இதிலிருந்தெல்லாம் விலகிக்கொண்டாள். கோயிலுக்கு அழைத்தால் வருவாள், மண்டபத்துத் தூணோரமாக உட்கார்ந்துகொள்வாள். திருநீற்றை நீட்டினால் "வேணாம்ப்பா" என்பாள். கத்த மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள், வேண்டாம் என்று மட்டும் சொல்வாள். அவள் அம்மாவுக்கு இது தாங்கவில்லை. பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லையோ என்று என்னிடம் ராத்திரியில் கேட்டு அழுதிருக்கிறாள்.

2025ல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர்கள் ஆர்டரைக் குறைத்தார்கள். கம்பி இழுக்கிறவர், பற்று வைக்கிறவர் என்று பட்டறையை நம்பியிருக்கிறவர்களுக்கு வாரம் முழுக்க வேலை கொடுக்க முடியவில்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் மகர ராசி. ஏழரைச் சனி இன்னும் முடியவில்லை, 2026 மார்ச் 6 வரைக்கும் இழுக்கும் என்றார் ஒருவர். அவர் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர். திருக்கணிதம் பார்க்கும் இன்னொருவர், 2025 மார்ச் 29 அன்றே சனி மீனத்துக்குப் போய்விட்டார், உங்களுக்கு ஏழரை முடிந்துவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இருக்கறது ஒரே சனிதானப்பா? ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல எப்படி இருப்பாரு?"

போன பெயர்ச்சியும் இப்படித்தான் இருந்தது என்று தேடிக் காட்டினாள். கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம். "நெசமாவே எங்க இருக்காருன்னு நாமளே பாத்துட்டா ஆச்சு" என்றாள். டெலஸ்கோப் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

சொந்தத்தில் எதிர்ப்பு வந்தது. ஏற்கெனவே கோயிலுக்கு வரமாட்டேன் என்கிற பெண்ணின் கையில் இதையும் கொடுத்தால் சுத்தமாகச் சாமி இல்லை என்று சொல்லிவிடுவாள் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சாமி மெய் என்று நம்புகிறவன் ஒரு பொருளை உற்றுப் பார்ப்பதற்கு ஏன் பயப்பட வேண்டும்? வெள்ளி நல்ல டச், அதாவது சுத்தம், என்று தெரிந்தவன் உரைகல்லைக் கண்டு ஒளிய மாட்டான். ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்ததும் முன் லென்ஸைத்தான் முதலில் பார்த்தேன். மேல்பூச்சு ஒரே சீராக இருந்தது, கீறலோ குமிழியோ இல்லை. குழாய் அலுமினியம். மடங்கு கூடுதலாக வைத்து நிலாவின் ஓரத்தையோ வியாழனையோ பார்த்தால் சுற்றிலும் ஊதா நிறத்தில் மெல்லிய விளிம்பு தெரியும். இந்த விலையில் வரும் லென்ஸ் வகைக்கெல்லாம் அது உண்டு, குறையாகச் சொல்ல மாட்டேன். ஃபோகஸ் திருகு பிளாஸ்டிக் பல்சக்கரம், கெட்டியான கிரீஸ். துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சுலபமாக ஓடியது.

முதல் பெரிய உபயோகம் 2025 செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம்.

சாயங்காலமே என் மனைவி அரிசிப் பானை, ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பையைப் போட்டு வைத்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்தது. என் தங்கை மகள் மாசமாக இருந்தாள், அப்போது எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளை உள்ளறையில் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. மகள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் போனேன். மேகம் மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. 9:57க்குப் பிடிக்கத் தொடங்கி, 11:01க்கு முழுவதும் மறைந்து செம்பு நிறமாக நின்றது.

28 மடங்கில் முழு நிலாவும் ஒரே பார்வையில் அடங்கும். பாதி மறைந்திருந்த நேரத்தில் ஐபீஸில் கண்ணை வைத்தேன். நிழலின் ஓரம் நேர்கோடாக இல்லை, வில்லாக வளைந்திருந்தது. "அது பூமியோட ஓரம்ப்பா. நாம நிக்கற உருண்டை அங்க விழுது பாருங்க" என்றாள். 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் கிரகணத்துக்கு நிழல்தான் காரணம் என்று எழுதிவிட்டதையும் சொன்னாள். அப்படியானால் ராகு கேது என்ன என்று கேட்டேன். நிலா போகிற பாதை சூரியன் போகிற பாதைக்கு ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது, இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம் இரண்டு, அவைதான் ராகுவும் கேதுவும் என்றாள். அந்த இரண்டு புள்ளியும் பின்பக்கமாக நகர்ந்து ஒரு சுற்று வர 18.6 வருஷம். பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு ஒன்றரை வருஷம். ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை வருவது அதனால்தான். குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒன்று என்பதும் இதே கணக்கு. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருஷம், சனி 29 வருஷத்துக்குச் சற்று மேல்.

"கணக்குல நான் கொறை சொல்லலப்பா. அந்தக் காலத்துல வெறுங்கண்ணால பாத்தே இதெல்லாம் கண்டுபிடிச்சது பெரிய விஷயம். அந்தப் புள்ளி நம்ம கடன் கட்ட விடாதுங்கறாங்க பாருங்க, அதுதான் எப்படின்னு புரியல."

கீழே உள்ளறையிலிருந்து தங்கை மகள் குரல் கொடுத்தாள்: "என்னடி தெரியுது?" மகள் இறங்கிப் போய் அவளை மேலே கூப்பிட்டாள். என் மனைவி நடுவில் நின்றுகொண்டு விடவில்லை. நிழல் விழுவதால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று மகள் எவ்வளவோ சொன்னாள். என்னைப் பார்த்தாள். நான் மனைவி பக்கம்தான் நின்றேன். "மாசமா இருக்கறவ மனசுல பயம் இருக்கையில இழுத்துட்டுப் போயி காட்டறது வேண்டாம் சாமி" என்றேன். "அந்தப் பயத்த அவ மனசுல போட்டது யாருப்பா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. 1:26க்குக் கிரகணம் விட்டதும் நாங்கள் தலைக்குக் குளித்தோம். அவள் குளிக்கவில்லை. தட்டுவடை பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மாடியிலேயே சாப்பிட்டிருக்கிறாள்.

அடுத்து சனி. இதற்காகத்தான் வாங்கினோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐப்பசி மாதத்தில் மழை விட்ட ஒரு சாயங்காலம் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. கிழக்கே நான்கு நட்சத்திரம் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். அதில் மேற்குப் பக்கத்து இரண்டு பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டு உத்திரட்டாதி. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போது வாயில் புழங்குகிற பெயர்களை வானத்தில் ஒரு நட்சத்திரமாகப் பார்த்தது எனக்கு அதுவே முதல்முறை. உத்திரட்டாதி இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டு அப்படியே தெற்கே இறக்கினால், அதன் கீழே மங்கலான மஞ்சளில், மினுக்காமல் நின்றது சனி.

70 மடங்கில் பார்த்தேன். பெட்டி மேல் போட்டிருந்த படத்தில் அகலமான வளையம் இருந்தது. இங்கே வளையம் இல்லை, கம்பி கோத்த முத்து மாதிரி நடுவில் ஒரு உருண்டை, இரண்டு பக்கமும் ஊசிக் கோடு. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியிருந்ததாம். பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை அப்படி ஆகும். இனி ஒவ்வொரு வருஷமும் விரிந்துகொண்டே போய் 2032 வாக்கில் நன்றாக அகலமாகத் தெரியும். இப்போது வாங்குகிறவர்கள் கோட்டைப் பார்த்துவிட்டு டெலஸ்கோப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அந்த வெளிச்சம் சனியிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றாள். எள் தீபத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நினைத்த ஒன்றை அன்று கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கும்பிட்டேன். மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நோட்டை எடுத்தாள். ராசியின் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பது மனுஷன் வைத்த ஏற்பாடு, அதில் அவள் சண்டைக்கு வரவில்லை. ஆனால் சனி நட்சத்திரங்களுக்கு நடுவே நிற்கிற இடம் ஒன்றுதான். இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு இடம் சொல்கின்றன, அதில் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போவது திருக்கணிதம். வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டு வருவதால் சிறுகச் சிறுகச் சேர்ந்த வித்தியாசம் மாதக்கணக்காகிவிட்டது.

இதைச் சரிசெய்யப் பாடுபட்ட ஒருவரைப் பற்றி அவள்தான் படித்துச் சொன்னாள். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874ல் சுக்கிரன் சூரியனைக் கடந்துபோனபோது அது என்ன என்று ஜனங்களுக்கு விளக்கிச் சிறு நூல் எழுதியவர். டெலஸ்கோப்பில் பார்த்த கணக்கை வைத்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று சொல்லி, அப்படி ஒரு பஞ்சாங்கத்தை அவரே போட்டார். பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துத் திருத்தச் சொன்னார். இவரைப் பற்றி எந்த ஜோசியரும் எனக்குச் சொன்னதில்லை. சாமி வேண்டாம் என்கிற என் மகள்தான் சொன்னாள்.

அப்படியானால் எனக்கு ஏழரை முடிந்ததா என்று கேட்டேன். சிரித்தாள். "வெள்ளி வெல லண்டன்லயும் அமெரிக்காவுலயும் ஏறுதுப்பா. சனி எந்த ராசியில நின்னாலும் ஏறும்."

"தெரியும் சாமி. ஆனா சனிக்கிழம வெளக்கு போட்டுட்டு வந்தா, அடுத்த வாரம் கூலி எப்படியும் குடுத்துரலாம்னு ஒரு தைரியம் வருது."

"தைரியத்துக்குப் போடுங்க, நான் வேணாங்கல. சனி உங்களப் பாக்கறாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அந்த உருண்டைக்குக் கண் இருக்கிறது என்பதில்லை. இவ்வளவு தூரத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒன்றைச் சுற்றவிட்டது எதுவோ, அதற்கு நான் பட்டறைக்காரன் ஒருவன் இருப்பது தெரியும் என்பது என் நம்பிக்கை. அதற்கு ஆதாரம் கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நம்பிக்கைன்னு சொல்லுங்க, அறிவியல்னு சொல்லாதீங்க, சரியா?" என்றாள். அந்த அளவில் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். கோயிலுக்கு வருவது பற்றி ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டை இன்னும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மாடியிலிருந்து நிலா, வியாழன், சனி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் இவ்வளவுதான் தெளிவாகத் தெரியும். தெருவிளக்கும் கடை போர்டுகளும் மற்றதை அழித்துவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கியது முழுசாகப் பயன்படவேண்டும் என்றால் மலைக்குப் போக வேண்டும். மார்கழியில் ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மனைவியின் சித்தப்பா வீட்டில் தங்கினோம். குழாய் மூன்று கிலோகூட இருக்காது, முக்காலி மடங்கும், காரின் பின் சீட்டில் போர்வை சுற்றிப் படுக்கவைத்தால் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி காட்டெருமை நடமாட்டம் உண்டு என்று சித்தப்பா வாசலைத் தாண்ட விடவில்லை. களத்திலேயே நிறுத்திக்கொண்டோம். மேலே பால்வீதி தெரிந்தது.

என் மனைவி அதுவரை இதன் பக்கமே வரவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருந்தவளிடம் மகள், "அம்மா, திருவாதிரை பாக்கறியா?" என்றாள். அந்தப் பெயருக்கு அவள் எழுந்து வந்தாள். வருஷா வருஷம் களி கிண்டுகிறவள். ஐபீஸில் அது செக்கச்செவேல் என்று இல்லை, தணல் நிறத்தில் ஒரு புள்ளி. நட்சத்திரம் எதுவும் இந்த மாதிரி வீட்டு டெலஸ்கோப்பில் உருண்டையாகப் பெரிதாகாது, நிறம்தான் நன்றாகத் தெரியும். மனைவி கண்ணை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது வயசான நட்சத்திரம், பெருத்துச் சிவந்து போயிருக்கிறது, இன்னும் லட்சம் வருஷத்துக்குள் வெடித்துவிடும் என்று மகள் சொன்னாள்.

"லட்சம் வருஷமா? அதுவரைக்கும் எத்தன களி கிண்டணும்" என்றாள் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் நெடுநாள் கழித்து அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலையில் அதுதான் உச்சி, 5326 அடி. குகைக்குள் குனிந்து போய் நானும் மனைவியும் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டோம். மகள் வெளியே நின்று காற்று வாங்கினாள். மனைவி அன்று வற்புறுத்தவில்லை.

இனி குறைகள். பெரிய குறை முக்காலிதான். கால்கள் தகர டப்பா கனம். 70 மடங்கில் ஃபோகஸைத் தொட்டால் உருவம் ஆடி நிற்பதற்குள் அடுத்தவர் பொறுமை போய்விடும். காற்று அடித்தால் பார்க்கவே முடியாது. பட்டறையிலிருந்த பழைய எடைக்கற்களைத் துணிப்பையில் போட்டு நடுத்தட்டிலிருந்து தொங்கவிட்டேன், கால்களை முழுசாக நீட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தோம். பாதி ஆட்டம் குறைந்தது. மேலும் கீழும் சாய்க்கும் திருகு, இறுக்கிய பிறகும் நழுவுகிறது. அங்கே ஒரு பித்தளை வாசர் கடைந்து போட்டேன், இப்போது நிற்கிறது. பட்டறை இல்லாதவர்கள் லேத் கடையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

பார்லோ லென்ஸ் பிளாஸ்டிக். 140 மடங்கு வருகிறது, தெளிவு வருவதில்லை. பெட்டியோடு அது வராமல் இருந்து விலை குறைந்திருந்தால் நல்லது. மலையில் ஒரு மணி நேரத்தில் முன் லென்ஸில் பனி படிந்துவிடும். வேட்டி நுனியால் துடைக்கக் கூடாது, பூச்சு போய்விடும். கறுப்பு சார்ட் அட்டையைச் சுருட்டி முன்னால் மூக்கு மாதிரி நீட்டிவிட்டால் தாமதமாகப் படியும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சில பெட்டிகளில் ஐபீஸில் திருகிப் போடுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று சூரியனைப் பார்க்க என்று வைத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் பெட்டியிலும் இருந்தது. முன் லென்ஸ் குவித்து அனுப்பும் வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடி மேல் விழும். சூட்டில் அது விரிசல் விட்ட நொடியில் கண் போய்விடும். நான் அதைப் பட்டறை அடைகல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்துத் தூளாக்கினேன். சூரியனைப் பார்ப்பதானால் முன் லென்ஸை முழுசாக மூடுகிற தரமான ஃபில்டர் வேண்டும். அது இல்லாத வீட்டில் பகலில் மூடியைக் கழற்றவே கூடாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

வியாழனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கருவிக்கு நியாயம் செய்ததாகாது. வளையம் மெலிந்திருக்கிற இந்தக் காலத்தில் முழுக் காசும் கொடுக்கிறது வியாழன்தான். 28 மடங்கிலேயே பக்கத்தில் நான்கு நிலா ஒரே வரிசையில் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இவற்றைத்தான். மகள் கட்டம் போட்ட நோட்டில் தினமும் எது எந்தப் பக்கம் என்று புள்ளி வைத்து வருகிறாள். உள்ளே இருக்கும் நிலா ஒரு சுற்று வர 42 மணி நேரம்தான், அதனால் ராத்திரிக்கு ராத்திரி இடம் மாறியிருக்கும். ஏற்காட்டுக்குப் பிறகு என் மனைவியும் மாடிக்கு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் ஐபீஸில் பார்த்துவிட்டு, "நேத்து அந்தப் பக்கம் ரெண்டு இருந்துச்சே, இன்னைக்கு ஒண்ணுதான் இருக்கு?" என்றாள். மகள் நோட்டைப் புரட்டி, ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருக்கிறது என்று காட்டினாள். வியாழக்கிழமை குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை போடுவதை மனைவி விடவில்லை. நோட்டில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்பதையும் விடவில்லை.

நிலாவில் குழிகள் தெரிவதைப் பார்த்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய தென்துருவப் பக்கம் எது என்று காட்டலாம், இறங்கிய கலம் தெரியாது. அந்த நிலா மண் மாதிரியே செயற்கையாகச் செய்து இஸ்ரோ சோதனை பார்த்ததற்கு நம் பக்கத்து நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் போயின, அதில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு என்பதை என் மகள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். நானும் இங்கே சொல்லிவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், ஒன்று முக்காலிக்காகக் குறைத்தது. இன்னும் கொஞ்சம் கூடப் போடமுடிந்தால் 130 மி.மீ. கண்ணாடி வகை (முன் லென்ஸுக்குப் பதில் குழியாடி இருப்பது), தரையில் பலகை மேல் உட்காரும் அமைப்பில் வாங்குங்கள், ஆட்டம் இருக்காது, வெளிச்சமும் மூன்று மடங்குக்கு மேல் சேரும். ஆனால் அதை ஏற்காட்டுக்குத் தூக்குவது சிரமம். பெரிய டெலஸ்கோப் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, அங்குள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம்.

வாங்கிய அன்றே பௌர்ணமியாக இருந்தால் அடுத்த வளர்பிறை வரை பொறுங்கள். முழு நிலாவில் குழிகளுக்கு நிழல் விழாது, கண் கூசும், வேறொன்றும் தெரியாது. வளர்பிறை பஞ்சமியிலிருந்து நவமிவரைதான் குழிகள் நிழலோடு நன்றாகத் தெரியும் நாட்கள். மங்கலான நட்சத்திரக் கூட்டங்களைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாட்கள். எங்கள் வீட்டில் இதற்குச் செல்போனைப் பார்ப்பதில்லை, மகள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து அம்மாவிடம் இன்றைக்கு என்ன திதி என்று கேட்டுக்கொள்கிறாள்.